நாங்கள் மூன்று பேர்தான்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும், அவர் குளிக்கப் போகும்வரை அம்மா பொறுத்திருப்பாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தி அப்பாவிடம், "எதுக்கு வந்திருக்காங்களாம்?" என்று கேட்பாள். அப்பா உதட்டைப் பிதுக்குவார். வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது இருவரும் தோசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சும்மா பார்க்க வந்தார் என்ற பதிலை எங்கள் வீட்டில் யாரும் ஏற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

பெரியப்பா டொராண்டோவிலிருந்து ஒன்பது மணி நேரம் காரோட்டி, நியூஜெர்சியில் நாங்கள் இருந்த எடிசனுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பாவைவிட எட்டு வயது மூத்தவர். அங்கே நகராட்சியில் வரைபடம் போடும் பிரிவில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் செய்துகொள்ளவில்லை என்பதற்கு எங்கள் சொந்தத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், ஒன்றாவது நல்ல காரணமாக இருக்காது. அதற்கு முன் நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் என்னைப் பார்த்ததோடு சரி. இந்தத் தடவை மூன்று வாரம் தங்கப்போவதாகச் சொன்னார். அம்மாவின் முகத்தில் அந்த மூன்று வாரமும் அப்போதே எழுதி ஒட்டியிருந்தது.

வந்த காரணத்தை அவர் ஒளிக்கவில்லை. முதல் நாள் சாப்பாட்டிலேயே சொன்னார். அந்த வருஷம் வசந்த காலத்தில், சூரியன் மறைந்ததும் வடமேற்கே ஒரு வால்நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வந்தாராம். பக்கத்தில் பெரிய விமான நிலையம் இருப்பதால் விமானங்களையும் பார்க்கலாமாம்.

"ஏன், அது டொராண்டோவுல தெரியாதா?" என்று அம்மா கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"தெரியும்மா. நல்லாவே தெரியும்" என்றார் பெரியப்பா. "கூட நின்னு பாக்க ஆள் வேணுமில்ல."

அம்மா ரசத்தை ஊற்றினாள். அவர் கை கழுவ எழுந்துபோனதும் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், நட்சத்திரம் பார்க்க எவனாவது மூன்று வாரம் லீவு போடுவானா என்பது. எனக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகப்படுவதில் நான் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

இங்கே எங்கள் அபார்ட்மெண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குத்தகைப் பத்திரத்தில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேர்தான் வீட்டில் இருக்கலாம். விருந்தாளி இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது. அங்கிருந்த எல்லா நம்மவர் வீட்டிலும் ஊரிலிருந்து யாராவது ஆறு மாதம் வந்து தங்கியிருப்பார்கள், எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று சாதிப்பார்கள். வாசலில் கூடுதல் செருப்பு கிடக்கக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறைக்கு வேட்டி போகக் கூடாது. அப்போது எங்கள் க்ரீன் கார்டு விண்ணப்பம் வேறு எந்த மேஜையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. எந்தச் சின்ன விஷயமும் எந்தக் காகிதத்திலும் ஏறிவிடக் கூடாது என்று அப்பாவுக்குப் பயம். ஆகவே எனக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அபார்ட்மெண்ட் ஆபீஸ் பெண்மணி கேட்டாலும் சரி, பள்ளியில் கேட்டாலும் சரி, யூனிபார்ம் போட்ட யார் கேட்டாலும் சரி, "ஜஸ்ட் த்ரீ ஆஃப் அஸ். நோபடி இஸ் ஸ்டேயிங் வித் அஸ்." அம்மா அதை என்னிடம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பாள்.

பெரியப்பாவின் காரில் ஒன்டாரியோ நம்பர் பிளேட் இருந்தது. எங்கள் கட்டடத்தின் முன் அது நின்றால் கேள்வி வரும் என்று, இரண்டு தெரு தள்ளி மளிகைக்கடைக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார் அப்பா. பெரியப்பாவும் மறுபேச்சு பேசாமல் அங்கே நிறுத்திவிட்டு நடந்து வருவார். வீட்டுக்குள் நுழையுமுன் இருபக்கமும் பார்ப்பார். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவார். இத்தனையும் நாங்கள் சொல்லித்தான் செய்தார். ஆனால் ஜன்னல் வழியே பார்க்கும் பத்து வயதுப் பெண்ணுக்கு, ஒருவர் காரை ஒளித்துவைத்து, திரும்பித் திரும்பிப் பார்த்து, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வருவது எப்படித் தெரியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம்தான் பள்ளியில் அமெரிக்கப் புரட்சியைப் பற்றிப் பாடம் நடந்தது. நியூஜெர்சியில் இங்கிலாந்து ராஜா பக்கம் நின்றவர்கள் பலர் இருந்தார்கள், தோற்றதும் கனடாவுக்கு ஓடினார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் தலைகீழ்ப் பாடம். எங்கள் ஊர்ப் பக்கம் எந்த ஆற்றை எந்தப் படை எப்போது தாண்டியது என்று சொல்லிவிட்டு, "உங்க ஊர்ல இருக்க முடியாதுன்னு வந்தவங்கதான் கண்ணு எங்க ஊரப் பாதி கட்டினாங்க" என்று சிரித்தார். பாவம் அவர்கள், என்றும் சொன்னார். துரோகிகளைப் பாவம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அன்று அவர் கோட்டுப் பையிலிருந்து விழுந்த காசை எடுத்துப் பார்த்தேன். அதில் இங்கிலாந்து ராணியின் தலை இருந்தது. எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அவரிடம் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். சாப்பிடும்போதுகூடத் திடீரென எடுத்து எழுதுவார். தமிழில் எழுதுவார். எனக்குத் தமிழ் காதில் விழும், வாயில் அரைகுறையாக வரும், எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. நடுநடுவே ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து வரும். பார்த்தால் சங்கேதம் என்றுதான் தோன்றும். இது போதாதென்று உள்ளங்கை அளவு வானொலி ஒன்று வைத்திருந்தார். அதைக் காதில் வைத்தால் விமானிகள் பேசுவது கேட்கும்.

நானும் ஒரு நோட்டுப் போட்டேன். கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிபோட்ட அட்டை, பள்ளியில் கொடுத்தது. முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில், 'கனடாவிலிருந்து வந்த மனிதன்' என்று தலைப்பு. காலை ஏழு பத்துக்கு வெளியே போனான். ஏழு ஐம்பதுக்கு வந்தான். எங்கே போனான் என்று சொல்லவில்லை. ரகசிய எழுத்தில் இரண்டு பக்கம் எழுதினான். அப்பாவிடம் எங்கள் அரசாங்கத்தைக் குறை சொன்னான்.

கடைசி வரி அநியாயம். அவர் குறை சொன்னதெல்லாம் அவருடைய அரசாங்கத்தைத்தான். கியூபெக் மாகாணம் பிரிந்து போவதா வேண்டாமா என்று ஒன்றரை வருஷத்துக்கு முன் அங்கே ஓட்டுப் போட்டார்கள், மயிரிழையில் நாடு உடையாமல் தப்பியது. அன்று இரவு தூங்காமல் டிவி பார்த்த கதையை அப்பாவிடம் நான்கு தடவை சொன்னார். அப்பா "ம்" கொட்டிக்கொண்டே கடிதங்களைப் பிரிப்பார். பெரியப்பா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நோட்டை எடுத்து எழுதுவார். அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று நான் குறித்துக்கொண்டேன்.

வால்நட்சத்திரத்தை எனக்குக் காட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார் நிறுத்தும் இடத்தில் பைனாகுலரோடு நின்றால் ஆபீஸ் பெண்மணி பார்த்துவிடுவாள் என்று அம்மா விடவில்லை. பள்ளி மைதானத்துக்கு நடந்து போனோம். அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கு அடுப்பு, நான் மட்டும் போனேன், அதுவும் வேவு பார்க்க. கூரைகளுக்கு மேலே அது அசையாமல் நின்றது. யாரோ சுண்ணாம்பு விரலால் வானத்தில் இழுத்துவிட்டாற்போல் இருந்தது. உண்மையிலேயே கண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நோட்டில் நான் எழுதியது, 'வடமேற்கைச் சுட்டிக் காட்டினான்' என்று மட்டும்.

பள்ளிக்கு ஈஸ்டர் விடுமுறை வந்தது. அம்மாவுக்கு வீட்டில் தையல் வேலை நிறைய இருந்ததால் என்னைப் பெரியப்பாவோடு அனுப்பினாள். தினமும் விமான நிலைய வேலியோரம் போவோம். ஓடுபாதையின் முனையில், சாலைக்கு இந்தப் பக்கம் கார்கள் நிற்க ஓர் இடம் உண்டு. தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு விமானங்கள் இறங்கும். பெரியப்பா வாலில் உள்ள எண்ணைப் பைனாகுலரில் படித்து எழுதுவார். சில விமானங்களை அவருக்கு முன்பே தெரியும். "இவன போன வருஷம் எங்க ஊர்ல பனியில பாத்தேன் கண்ணு. நல்லாருக்கான்" என்பார். சொந்தக்காரப் பையனைக் கல்யாண வீட்டில் பார்த்ததுபோல் அவர் முகம் மலரும். இரும்பைப் பார்த்து எதற்கு இந்தச் சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததெல்லாம் எனக்குச் சந்தேகம். அவர் எழுதும்போது நானும் ஒரு கையால் மறைத்துக்கொண்டு எழுதுவேன்.

புதன்கிழமை காலை அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது பச்சை நோட்டு மேஜைமேல் இருந்தது. முந்தின நாள் எழுதிய பக்கத்தைக் கிழித்து என் சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். துப்பறிகிறவர்களுக்குச் சாட்சியம் வேண்டும். அதை யாரிடம் கொடுப்பது என்று மட்டும் தெரியவில்லை.

அன்றைக்கே ஆள் கிடைத்தார். பதினோரு மணிக்கு வேலியோரம் ஒரு போலீஸ் கார் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. இறங்கிய போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். வேற்றுநாட்டு நம்பர் பிளேட், பைனாகுலர், வானொலி, பக்கத்தில் ஒரு சின்னப் பெண். லைசென்ஸைக் கேட்டார். பெரியப்பா கொடுத்தார், இது என் தம்பி மகள் என்றார். போலீஸ்காரர் என் முழுப் பெயரைக் கேட்டார், சொன்னேன். அவர் லைசென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம் பெயர்களின் சங்கதி அவருக்கு எங்கே தெரியும்? என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். பெரியப்பா பெயருக்குப் பின்னால் அவர் அப்பா பெயர். இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை.

போலீஸ்காரர் என் உயரத்துக்குக் குனிந்தார். இவர் யார் என்று உனக்குத் தெரியுமா, உங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டார். அவர் யூனிபார்ம் போட்டிருந்தார்.

"ஜஸ்ட் த்ரீ ஆஃப் அஸ்" என்றேன். "நோபடி இஸ் ஸ்டேயிங் வித் அஸ்."

தடுமாறாமல் சொன்னேன். அம்மா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். போலீஸ்காரர் நிமிர்ந்தபோது அவர் குரல் மாறிவிட்டது. என்னைத் தன் கார்ப் பக்கம் வந்து நிற்கச் சொன்னார். பெரியப்பாவைக் கைகளை வெளியே தெரிய வைத்துக்கொள்ளச் சொன்னார். பெரியப்பா விளக்கம் சொல்ல வாயெடுத்தார், சட்டென்று மூடிக்கொண்டார். குத்தகையைப் பற்றிச் சொன்னால் தம்பிக்குத் தொல்லை, க்ரீன் கார்டு வேறு இருக்கிறது என்று நினைத்திருப்பார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அந்தக் குளிரிலும் துளிர்த்தது.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. தினமும் நாங்கள் இங்கே விமானம் பார்க்க வருகிறோம், நான் எழுதுவதுபோல் அவளும் நம்பர் எழுதுகிறாள், அவள் நோட்டைப் பாருங்கள், என்று போலீஸ்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காட்டலாமா கண்ணு?" என்று கேட்டார். "உனக்குச் சம்மதமா?"

எனக்கு ஏன் சம்மதமில்லாமல் போகும்? இதற்காகத்தானே நான் காத்திருந்தேன். நோட்டை நீட்டினேன். பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போலீஸ்காரர் முதல் பக்கத்தைத் திறந்தார். தலைப்பைப் படித்தார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். அதில் ஒரு விமானம்கூட இல்லை. சில வரிகளை, எனக்காகவோ பெரியப்பாவுக்காகவோ, வாய்விட்டே படித்தார். ரகசிய எழுத்து. ராணியின் காசு. காரை ஒளித்துவைக்கிறான். பெரியப்பா முதலில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தார். தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. அவர் நிமிர்ந்து பார்க்காத முதல் விமானம் அதுதான்.

அப்பாவின் ஆபீஸ் எண் எனக்கு மனப்பாடம், போலீஸ்காரரிடம் சொன்னேன். அப்பா வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதுவரை பெரியப்பா போலீஸ் காரின் பின் ஸீட்டில் இருந்தார். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை என்பதைக் கவனித்தேன். எழுதிக்கொள்ள நோட்டு இல்லை. நான் செய்தது சரிதானா என்று எனக்கு முதல் முறையாகத் தோன்றியது அப்போதுதான். ஆனாலும் நான் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

அப்பா பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், குடும்பப் புகைப்படம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருந்தார். வேர்க்க விறுவிறுக்கப் பேசினார். அரை மணியில் விஷயம் முடிந்தது. போலீஸ்காரர் பெரியப்பாவிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டு, குழந்தைகள் விஷயத்தில் நாங்கள் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது என்றார். சரியான காரியம் செய்தீர்கள் என்றார் பெரியப்பா. என் நோட்டை வாங்கி, திறக்காமல், என் கையில் கொடுத்தார்.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பா பெரியப்பாவைத்தான் திட்டினார். "எதுக்குண்ணா இந்த வேல உங்களுக்கு? இந்த நேரத்துல போலீஸ் கேஸாச்சுன்னா என் கதி என்னன்னு யோசிச்சீங்களா?"

"நாம சொல்லிக் குடுத்ததத்தான குழந்த சொன்னா" என்றாள் அம்மா, யாரிடம் என்றில்லாமல்.

"சரியாத்தான் சொன்னா" என்றார் பெரியப்பா. "அவமேல தப்பில்ல."

மறுநாள் காலை புறப்பட்டுவிட்டார். மூன்று வாரத்தில் இன்னும் ஐந்து நாள் பாக்கியிருந்தது. வாசலில் ஷூ மாட்டிக்கொள்ளவில்லை, வழக்கம்போல் கையில் எடுத்துக்கொண்டே போனார். கதவு சாத்தியதும் அம்மா, "கடைசி வரைக்கும் எதுக்கு வந்தாருன்னே தெரியலியே" என்றாள். அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் தங்கியதில்லை. நாங்கள் சொந்த வீடு வாங்கி, யார் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம் என்று ஆன பிறகும் தங்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தவர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு மோட்டலில் அறை எடுத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் எழுதறியாம்மா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் கழித்துக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாயசம் வாங்கப் போனார். இரண்டு வருஷம் கழித்துக் காலமானார்.

கிழித்த பக்கம் மட்டும் என்னிடம் இருந்தது. வீடு மாறும்போதெல்லாம் என்னோடு மாறியது. அப்பாவிடம் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பார். திருடிய பக்கத்தை எந்த முகத்தோடு கொடுப்பது? என் மகனைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தபோது, வெளியே காரில் காத்திருப்பதற்குப் பதில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் அவனோடு அ, ஆ எழுதினேன். மகன் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை. ஒருநாள் அந்தப் பக்கத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

'செவ்வாய். காலையில் மேகம். பத்தரைக்குமேல் தெளிவு. மொத்தம் பதினொன்று. நாலாவது ஆள் பழைய சிநேகம், வாலில் புதுப் பெயின்ட். தம்பியிடம் கியூபெக் பேச்சை எடுத்தேன். அவனுக்கு அலுப்பு. இனி பேசக் கூடாது. ராஜா கட்சிக்காரர்கள் இந்த வழியாகத்தான் வடக்கே போயிருப்பார்கள், வீட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். வால்நட்சத்திரம் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. இங்கே வந்ததில் பெரிய ஆச்சரியம் குழந்தைதான். எங்கே போனாலும் கூட வருகிறாள். நான் எழுதினால் அவளும் எழுதுகிறாள். நம் குடும்பத்தில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கையால் மறைத்துக்கொள்கிறாள். நானும் அந்த வயதில் அப்படித்தான், பெரியவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று. அவளாகக் காட்டும்வரை கேட்கக் கூடாது.'

வேலியோரத்தில் நான் நோட்டை நீட்டியபோது பெரியப்பா சிரித்தாரே, அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கே கவனித்தேன். தப்பித்துவிட்டோம் என்று சிரிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. போலீஸ்காரர் அட்டையைத் திறக்கும்வரை அது அவர் முகத்தில் இருந்தது.